படம் எடுத்த ஆண்டு வேறு, அச்சிட்ட ஆண்டு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் பழைய திருமணப் படங்களைச் சேகரிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதலில் ஒரு திருத்தம். ‘1840: விக்டோரியா – ஆல்பர்ட் திருமணப் படம்’ என்று போட்டிருக்கிறீர்களே, அது திருமணத்தன்று எடுத்த படம் இல்லை. அவர்கள் திருமணம் 1840 பிப்ரவரி 10 அன்று செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் சேப்பல் ராயலில் நடந்தது. பிரெஞ்சுக்காரர் டாகரின் புகைப்படச் செய்முறை அதற்கு ஆறு மாதம் முன்புதான், 1839 ஆகஸ்டில், பாரிஸில் பகிரங்கமானது. அந்தத் திருமணத்துக்குப் புகைப்படமே கிடையாது. நீங்கள் வெளியிட்டது 1854இல் ராஜர் ஃபென்டன் எடுத்தது. ராணி முக்காடும் தலையில் பூவளையமுமாக நிற்பதால் பார்ப்பவர்களுக்குக் கல்யாணக் கோலமாகத் தெரிகிறது. விற்பனையாளர்கள் பலரும் இந்தத் தவறான தலைப்பிலேயே இதை விற்கிறார்கள். திருத்தம் வெளியிட்டால் வாங்குகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

படக்குறிப்பில் நேர்ந்த பிழையைவிடப் பெரிய சிக்கல் கட்டுரையில் இருக்கிறது. வரிக்கு வரி ‘ஒரிஜினல்’ என்கிறது. எதன் ஒரிஜினல் என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. இந்தச் சந்தையில் விலையைத் தீர்மானிப்பது ஷட்டர் திறந்த ஆண்டு அல்ல. கையில் இருக்கும் தாள் எந்த ஆண்டில் அச்சானது என்பதுதான் கேள்வி. விற்பவர் சொல்வது முதல் ஆண்டு. வாங்குபவர் கேட்க வேண்டியது இரண்டாவது ஆண்டு.

1947 நவம்பர் 20 அன்று இளவரசி எலிசபெத்துக்கும் பிலிப்புக்கும் நடந்த திருமணத்தை எடுத்துக்கொள்வோம். பக்கிங்ஹாம் அரண்மனையில் எடுத்த அதிகாரபூர்வப் படங்கள் பாரன் என்ற பெயரில் தொழில் செய்த ஸ்டெர்லிங் ஹென்றி நாகுமுடையவை. ஒரே குழுப் படம் ஐந்து வடிவங்களில் விற்பனைக்கு வரும். அந்த வாரத்திலேயே இருட்டறையில் நெகட்டிவிலிருந்து போட்ட அச்சு ஒன்று. அதே நெகட்டிவிலிருந்து இருபது முப்பது ஆண்டு கழித்துப் போட்டது அடுத்தது. நெகட்டிவைக் கையில் வைத்திருக்கும் காப்பகம் இன்றைக்கு ஆர்டரின்பேரில் போட்டுத் தருவது மூன்றாவது. பழைய அச்சு ஒன்றையே மறுபடி படமெடுத்து, அந்தக் காப்பி நெகட்டிவிலிருந்து போட்டது நான்காவது. ஐந்தாவது புகைப்படமே அல்ல. பத்திரிகை மலரிலோ நினைவுப் புத்தகத்திலோ மையில் அச்சான பக்கத்தை வெட்டி ஃபிரேம் போட்டது. ஐந்துக்கும் முன்பக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்தையுமே ‘1947 ஒரிஜினல்’ என்று யாராவது ஒருவர் விற்றுக்கொண்டிருப்பார். முதல் வகையை மட்டும்தான் வியாபாரத்தில் ‘விண்டேஜ் பிரிண்ட்’ என்பார்கள். அதற்குச் சட்ட வரையறை இல்லை. நெகட்டிவ் எடுத்து ஐந்து ஆண்டுக்குள் என்பார்கள் சிலர். பத்து வரை நீட்டுகிறவர்களும் உண்டு.

ஆகவே படத்தைத் திருப்புங்கள். ஃபிரேமில் மாட்டியிருந்தால், பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம். சோதனைக்கு வேண்டிய சாமான் கொஞ்சம்தான்: 10 மடங்கு பெரிதாக்கும் லூப், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், மில்லிமீட்டர் அளவுகோல், மேசை விளக்கு, நைட்ரைல் கையுறை.

முதலில் லூப். மணமகளின் கன்னத்தில் வையுங்கள். வெளுப்பிலிருந்து நிழலுக்குப் போகும் இடம் அது. ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் ஹாஃப்டோன், அதாவது அச்சகத்து மை. கலர் என்றால் நான்கு நிறப் புள்ளிகள் பூப்போலச் சேர்ந்திருக்கும். புள்ளியில்லாமல் புழு நெளிந்ததுபோலச் சுருக்கக் கோலம் தெரிந்தால் கொலோடைப் (collotype), அதுவும் மை அச்சுதான். சின்னச் சதுரக் கண்ணறைகள் வரிசையாக இருந்தால் ரோட்டரி கிராவ்யூர் என்ற இன்னொரு மை அச்சு. பத்திரிகைகளின் திருமணச் சிறப்பிதழ்களில் நிறைய வரும். நிறம் எங்கும் முறியாமல் தொடர்ந்தால்தான் புகைப்பட அச்சு. இன்றைய இங்க்ஜெட் மட்டும் 10 மடங்கில் ஏமாற்றிவிடும்; 30 மடங்கில் பார்த்தால் வெளுப்பான பகுதிகளில் மைத்துளிகள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். இந்த ஒரு சோதனையிலேயே சந்தையில் இருக்கும் ‘புகைப்படங்களில்’ பெரும்பங்கு கழிந்துபோகும் என்பது என் கணிப்பு.

காலவரிசையில் போனால், 1858 ஜனவரி 25இல் விக்டோரியாவின் மூத்த மகள் திருமணத்தன்று எடுத்த டாகரோடைப் முக்கியமானது. எடுத்தவர் டி. ஆர். வில்லியம்ஸ். அதில் ராணியின் உருவம் மங்கலாக இருக்கும். நடுக்கத்தில் அசைந்துவிட்டதாக அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். டாகரோடைப் என்பது வெள்ளி பூசிய செம்புத் தகட்டின் மேலேயே உருவாகும் படம், நெகட்டிவ் கிடையாது. எனவே அந்தப் படத்தின் தாள் அச்சு எதைப் பார்த்தாலும் அது நகலின் நகல். எத்தனை பழசாக இருந்தாலும் ‘ஒரிஜினல்’ ஆகாது.

சாதாரணச் சேகரிப்பாளர் கைக்கு எட்டுவது 1863இலிருந்து தொடங்குகிறது. அந்த ஆண்டு மார்ச் 10இல் வேல்ஸ் இளவரசர் எட்வர்டுக்கும் டென்மார்க்கின் அலெக்சாண்ட்ராவுக்கும் விண்ட்சர் செயின்ட் ஜார்ஜ் சேப்பலில் திருமணம். ஆல்பர்ட் இறந்து (1861 டிசம்பர்) ஒன்றேகால் ஆண்டுதான் ஆகியிருந்தது. லண்டன் புகைப்படக்காரர் மேயல் எடுத்த படத்தில் கறுப்பு உடையில் ராணி, ஆல்பர்ட்டின் மார்பளவுச் சிலையைப் பார்த்தபடி இருப்பார். மணமக்கள் பக்கத்தில் நிற்பார்கள். அது கார்ட் டி விசிட் என்ற, சிறு அட்டையில் ஒட்டிய படங்களின் மோகம் உச்சத்திலிருந்த நேரம். அட்டையின் அளவு சுமார் 64 × 102 மி.மீ.; அதன்மேல் ஒட்டிய ஆல்புமென் அச்சு அதைவிடச் சற்றுச் சிறியது.

ஆல்புமென் தாள் மெலிசு, சுருண்டுகொள்ளும். அதனால்தான் எப்போதும் அட்டையில் ஒட்டியே இருக்கும். முட்டை வெள்ளைக்கருப் பூச்சுக்கு அடியில் தாளின் நார் லூப்பில் தெரியும். வெளுப்புகள் மஞ்சளித்திருக்கும், நிழல்கள் பழுப்பு அல்லது ஊதாப் பழுப்பு. சாய்வெளிச்சத்தில் பார்த்தால் பரப்பு முழுக்க மயிரிழை விரிசல். இவை எதுவும் இல்லாமல் கறுப்பு வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும் ‘1863 கார்ட்’ பிற்காலத்தில் ஜெலட்டின் பூசிய தாளில் போட்ட நகலாகத்தான் இருக்கும்.

அட்டையும் பேசும். 1860களின் அட்டை மெலிசு, மூலைகள் கூரானவை. மூலை உருண்டையாகவும் அட்டை தடிப்பாகவும் இருந்தால் 1870களுக்கு வந்துவிட்டீர்கள். விளிம்பைச் சரிவாகச் செதுக்கிப் பொன்பூச்சுக் கொடுத்தது இன்னும் பிந்தியது. பின்பக்கத்து ஸ்டூடியோ முகவரியைக் கட்டாயம் படியுங்கள். மேயலின் லண்டன் ஸ்டூடியோ 224, ரீஜன்ட் தெரு. அவர் பிரைட்டனில் ஸ்டூடியோ திறந்தது 1864இல். அட்டையில் பிரைட்டன் முகவரியும் இருந்தால், படம் 1863 திருமணத்துடையதாக இருந்தாலும் அந்த அச்சு அடுத்த ஆண்டோ அதற்குப் பிறகோ போட்டது. டவுனி என்ற புகைப்பட நிறுவனத்தின் லண்டன் ஈபரி தெரு முகவரியும் அப்படித்தான். 1872க்கு முந்திய அட்டையில் அது வராது.

அந்தக் காலத்திலேயே திருட்டு நகல் நிறைய உண்டு. பின்பக்கம் பெயரே இல்லாத கார்டில் முகங்களின் நடுநிழல் போய், கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் அது அசல் கார்டை மறுபடம் எடுத்துச் சில பென்னிக்கு விற்ற நகல். அதுவும் 1863ஆம் ஆண்டுப் பொருள்தான், ஆனால் மேயல் அச்சு ஆகாது. விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். 1862இல் வந்த நுண்கலைப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படங்களையும் சேர்த்துக்கொண்டது. பதிப்புரிமையைப் பதிந்த இடமான லண்டன் ஸ்டேஷனர்ஸ் ஹாலின் விண்ணப்பங்கள் 1912 வரை லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘காப்பி 1’ என்ற தொகுதியில் இருக்கின்றன. பலவற்றில் படமே ஒட்டியிருக்கும். எடுத்தவர் யார், உரிமை யாருடையது, எந்தத் தேதியில் பதிந்தது என்று ஐயம் வந்தால், விற்பவர் சொல்லைவிட அந்தப் பதிவை நம்பலாம்.

கார்ட் டி விசிட்டைவிடப் பெரிய கேபினட் கார்டு 1866 முதல். அட்டை 108 × 165 மி.மீ. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை, மேலே சொன்ன சோதனைகளே போதும். தபால் அட்டைதான் வில்லங்கம். 1893 ஜூலை 6இல் யார்க் கோமகனுக்கும் (பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ்) மேரிக்கும் நடந்த திருமணத்தின் படம், தபால் அட்டையில் ‘1893 ஒரிஜினல்’ என்று அடிக்கடி வரும். பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு இடப்புறம் செய்திக்கும் வலப்புறம் முகவரிக்கும் இடம் விட்டிருந்தால் அது 1902க்குப் பிந்தியது. பிரிட்டனில் அந்த முறைக்கு அந்த ஆண்டில்தான் அனுமதி கிடைத்தது. ஐந்தாம் ஜார்ஜின் 1911 முடிசூட்டு நேரத்தில் பழைய படங்களை மறுபடி போட்டு விற்றிருக்கக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். பின்னால் ‘ரியல் போட்டோகிராஃப்’ என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. லூப் வைத்துப் பாருங்கள்.

இனிப் பத்திரிகை அச்சுகள். 1923 ஏப்ரல் 26 (பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் – எலிசபெத் போவ்ஸ்-லயன்), 1934 நவம்பர் 29 (கென்ட் கோமகன் – மரீனா), 1947 நவம்பர் 20 ஆகிய மூன்று திருமணங்களுக்கும் செய்திப்பட நிறுவனங்கள் நாளிதழ்களுக்கு அனுப்பிய அச்சுகள்தாம் என் பார்வையில் செலவிடும் பணத்துக்கு மிகவும் தகுந்தவை. ஸ்டூடியோ அச்சுக்குப் பின்னால் ஒரு முத்திரைதான் இருக்கும். பத்திரிகை அச்சின் முதுகில் அதன் வாழ்க்கையே எழுதியிருக்கும்.

நல்ல 1947 அச்சு ஒன்றின் முதுகு எப்படி இருக்கும்? தாள் தந்த நிறம். விளிம்புகள் சற்றுப் பழுத்திருக்கும். மேலே தட்டச்சில் அடித்த குறிப்புச் சீட்டு, மேல்விளிம்பில் மட்டும் பசை போட்டு ஒட்டியது. பசை இருக்குமிடத்தில் தாள் பழுப்பேறி, அந்தக் கறை சில சமயம் முன்பக்கம் வரை ஊறியிருக்கும். கீழே நிறுவனத்தின் ரப்பர் முத்திரை: கீஸ்டோன், ஃபாக்ஸ் ஃபோட்டோஸ், சென்ட்ரல் பிரஸ் போன்றவை. அதன்மேல் சாய்வாக நாளிதழ் நூலகத்தின் தேதி முத்திரை, சில சமயம் ஒன்றுக்கு மேல். படம் மறுபடி மறுபடி வெளியானதன் அடையாளம். பென்சிலில் நாளிதழில் எத்தனை பத்தி அகலம், எத்தனை சதவீதம் சிறிதாக்குவது என்ற குறிப்பு. முன்பக்கத்துக்குத் திரும்பினால் மெழுகுப் பென்சிலில் வெட்டுக்கோடுகள், பின்னணியிலிருந்து முக்காட்டைப் பிரித்துக்காட்ட வெள்ளை வண்ணம் தீட்டிய தடம். புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் இவற்றை அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் பார்ப்பார்கள். அந்தத் தாள் அன்று மேசையில் இருந்ததற்கு வேறு சாட்சியே கிடையாது. குறிப்புச் சீட்டைப் பிய்த்தால் விலையில் பாதி போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குறிப்புச் சீட்டு 1947 என்கிறது, மிகப் பழைய தேதி முத்திரை 1972 என்கிறது என்றால், எலிசபெத் தம்பதியின் வெள்ளிவிழாவுக்காக மறுபடி போட்ட அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். முத்திரையின் மை தாளில் ஊறியிருக்க வேண்டும். மேலே படிந்து பளபளத்தால் சந்தேகப்படுங்கள். கம்பி வழி அனுப்பிய வயர்போட்டோ என்றால் படத்துக்குள்ளேயே குறிப்பு எழுத்துகள் இருக்கும், குறுக்கே நுண்கோடுகள் ஓடும். படத் தரம் குறைவு, ஆனாலும் அன்றைய பொருள்.

1947 படங்கள் பற்றிப் புதியவர்களைக் குழப்பும் ஒன்று: அரண்மனையில் எடுத்த படங்களில் மணமகள் கையில் பூச்செண்டு இல்லாதவை உண்டு. ஒட்டுவேலை என்று எண்ண வேண்டாம். பூச்செண்டை எங்கோ வைத்துவிட்டு, எடுக்கும் நேரத்தில் அகப்படவில்லை.

காப்பி நெகட்டிவிலிருந்து போட்ட அச்சைக் கண்டுபிடிக்க அந்த மணப்பெண்ணின் உடையே உதவும். நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்தது. சுமார் 10,000 சிறு முத்துகள் கோத்தது. முழு உருவப் படத்தில் பாவாடையின் முன்பகுதியில் லூப்பை வையுங்கள். நெகட்டிவிலிருந்து நேராகப் போட்ட அச்சில் பூவேலையின் ஓரத்து மணிகள் தனித்தனி ஒளிப்புள்ளியாக நிற்கும், பட்டின் மடிப்புகளில் சாம்பல் நிறப் படிகள் நாலைந்து எண்ணலாம். காப்பியில் மணிகள் ஒன்றோடொன்று கூடி வெள்ளைத் தழும்பாகிவிடும், மடிப்பின் நிழல் கறுப்பாக அடைத்துக்கொள்ளும். அசல் அச்சிலிருந்த கீறலும் மடிப்புத் தழும்பும் காப்பியில் படமாகத் தெரியும். ஆனால் விரலால் தடவினால் பரப்பு வழுவழுப்பாக இருக்கும். இந்த முரண்பாடு தெரிந்தபின் வேறு சோதனையே தேவையில்லை.

அடுத்து தாளின் வயது. 1890களின் பின்பகுதியிலிருந்து 1960கள் வரை கறுப்பு வெள்ளை அச்சென்றால் பெரும்பாலும் ஜெலட்டின் சில்வர் (ஜெலட்டின் பூச்சில் வெள்ளியால் உருவான படம்), ஃபைபர் தாள் (பிளாஸ்டிக் பூசாத காகிதம்). தாளுக்கும் ஜெலட்டினுக்கும் நடுவே பேரைட்டா என்ற வெள்ளைப் படலம் இருப்பதால், ஆல்புமெனில் போல நார் தெரியாது. ஆண்டுகள் போகப்போக இருண்ட பகுதிகளின் ஓரத்தில் வெள்ளி மேலே கிளம்பி, சாய்வெளிச்சத்தில் நீலமாக உலோகம்போல் மினுங்கும். கோட்டுகள் கறுப்பாக இருக்கும் குழுப் படங்களின் விளிம்பில் இதை எளிதாகக் காணலாம். மினுமினுப்பு இருந்தால் நல்ல அறிகுறி. நன்றாகப் பாதுகாத்த அச்சில் அது இல்லாமலும் இருக்கும். தாள் இருபுறமும் பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. வகை என்றால் விவாதமே வேண்டாம்; கறுப்பு வெள்ளையில் அது பரவியது 1970களில். பின்பக்கம் வழுக்கும், பென்சில் பிடிக்காது, மேசையில் வைத்தால் தட்டையாகக் கிடக்கும். பாரன் 1956இலேயே காலமாகிவிட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஆர்.சி. தாளில் ‘பாரனே போட்ட அச்சு’ என்று வரும் விளம்பரத்தை என்ன செய்வதென்று தெரியும்.

புற ஊதாச் சோதனை பற்றிக் கட்டுரை ஒரு வரியில் சொல்லிப் போகிறது, சொன்னதும் பாதிதான். தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்களைப் புகைப்படத் தாளில் சேர்ப்பது 1950களில் பரவியது. அவை புற ஊதா ஒளி பட்டால் நீல வெள்ளையாக ஒளிரும். அறையை இருட்டாக்கி, அச்சுக்குப் பக்கத்தில் சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்றை ஒப்பீட்டுக்கு வையுங்கள். டார்ச்சை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, முத்திரையும் சீட்டும் இல்லாத பின்பக்க ஓரத்தைப் பாருங்கள். பிறகு முன்பக்க வெள்ளை விளிம்பு. சில விநாடி போதும். கண்ணில் ஒளி நேராகப் படக் கூடாது. ஜெராக்ஸ் தாளைப்போலப் பளீரென்று ஒளிர்ந்தால் அந்தத் தாள் 1937க்கோ 1947க்கோ உரியதல்ல. மங்கலான மஞ்சளாகவோ இருட்டாகவோ இருந்தால்? அதை வைத்துப் பழசு என்று முடிவுகட்ட முடியாது. ஒளிர்பொருள் சேர்க்காத தாள்கள் பிற்காலத்திலும் இருந்தன. சில தாள்களில் அது கழுவும்போது கரைந்தும் போயிருக்கும். அட்டை, டேப், பசை ஒளிர்வதையும் தாள் ஒளிர்வதாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தச் சோதனை ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்லும், ‘ஆம்’ என்று சொல்லாது. அமெரிக்கப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1940இல் இறந்தவர். அவருடைய காலத்து அச்சுகள் என்று நல்ல விலைக்குப் போனவற்றில் பல, பின்னாளில் போட்டவை என 1990களின் இறுதியில் வெளிப்பட்டதில் இந்த ஒளிர்வுக்கு முக்கியப் பங்குண்டு.

கையெழுத்திட்ட அச்சுகளுக்கு வருவோம். அரச குடும்பத்தார் பரிசாகத் தந்த படங்களில் கையெழுத்து பெரும்பாலும் படத்தின் மேல் இருக்காது. கீழே மவுண்ட் அட்டையில் மையில் இருக்கும், ஆண்டும் சேர்ந்திருக்கும். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் லூப்பை வைத்தால் மை தேங்கியிருப்பதும் நிப் தாளை அழுத்திய பள்ளமும் தெரிய வேண்டும். கையெழுத்து படத்தோடு ஒரே பரப்பில், ஒரே பளபளப்பில் இருந்தால் அது நெகட்டிவிலேயே எழுதி அச்சானது, ஆயிரக்கணக்கில் இருக்கும். மை படத்தின் விரிசலுக்குள் இறங்கியிருந்தால் விரிசல் முந்தியது, கையெழுத்து பிந்தியது.

விண்ட்சர் கோமகன் (முடிதுறந்த எட்டாம் எட்வர்டு) – வாலிஸ் சிம்சன் திருமணப் படங்களை செசில் பீட்டன் பிரான்ஸின் கான்டே மாளிகையில் எடுத்தார். திருமணம் 1937 ஜூன் 3. பீட்டன் எடுத்தது முந்திய நாள். அதனால் குறிப்பில் ஜூன் 2 என்றிருந்தால் தவறென்று ஒதுக்க வேண்டாம். பீட்டனின் அரச குடும்பப் படங்களின் தொகுதி லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது இருக்கிறது.

1960 மே 6 (இளவரசி மார்கரெட்; எடுத்தவர் பீட்டன்), 1973 நவம்பர் 14 (இளவரசி ஆன்; எடுத்தவர் நார்மன் பார்க்கின்சன்), 1981 ஜூலை 29 (சார்ல்ஸ் – டயானா; எடுத்தவர் லிச்ஃபீல்டு) ஆகிய மூன்று திருமணங்களிலும் பிரச்சினை கலர் சாயம். அன்றைய கலர் அச்சுகளில் இருக்கும் சாயங்கள் வெளிச்சத்திலும் வெளிறும், அலமாரி இருட்டிலும் வெளிறும். இருட்டில் பெரும்பாலும் சியான் என்ற நீலப்பச்சைச் சாயம் முதலில் போகும், படம் செம்மை தட்டும். வெள்ளை விளிம்பு மஞ்சளிக்கும். டயானாவின் உடை தந்த நிறப் பட்டு, தூய வெள்ளையல்ல. பழைய அச்சில் அது ரோஜா நிறம் பக்கம் சாய்ந்திருந்தால் வயதுக்கு இயல்பு. சோப்புத்தூள் விளம்பரம்போலப் பளீர் வெள்ளையாக இருந்தால், ஸ்கேன் செய்து நிறம் திருத்தி அண்மையில் போட்டது என்ற சந்தேகம் எழ வேண்டும். 1981 படங்கள் கணக்கில்லாமல் அச்சாயின. ஆதாரம் இல்லாத ஒன்றுக்குப் பெரிய விலை கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

‘லிமிடெட் எடிஷன், 12/250, சான்றிதழுடன்’ என்ற வாசகத்தைக் கட்டுரை தரத்தின் அடையாளமாகச் சொல்கிறது. 1947இல் செய்திப் படத்துக்கோ ஸ்டூடியோப் படத்துக்கோ இப்படி எண் போடும் வழக்கமில்லை. எண் இருந்தாலே அது பிற்கால அச்சு. பிற்கால அச்சு வாங்குவதில் தவறொன்றும் இல்லை. காப்பக நெகட்டிவிலிருந்து நல்ல ஃபைபர் தாளில் போட்டது பழசைவிட அழகாகவே இருக்கும். அச்சிட்ட ஆண்டு, தாள் வகை, நெகட்டிவிலிருந்தா ஸ்கேனிலிருந்தா, வேறு அளவுகளில் வேறு எடிஷன் உண்டா என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். இவை இல்லாத சான்றிதழ் அழகான தாள், அவ்வளவுதான்.

ஏலத்தில் வாங்குவதாக இருந்தால் சுத்தியல் விலையோடு கணக்கு முடிவதில்லை. பிரிட்டிஷ் ஏலக்கடையில் 200 பவுண்டுக்கு அடித்த அச்சுக்கு, கமிஷன் 25 சதவீதம் என்று வைத்தால் 50 பவுண்டு, அந்தக் கமிஷன் மேல் 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) 10 பவுண்டு, ஆக 260. இதற்கு மேல் பேக்கிங், அனுப்பும் செலவு, இறக்குமதி வரி. ஏலப் பட்டியலில் ‘பிரிண்டட் லேட்டர்’ என்ற இரண்டு சொல் பத்தியின் கடைசியில் ஒளிந்திருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். அச்சின் தேதியே சொல்லாமல் படத்தின் தேதி மட்டும் இருந்தால் எழுதிக் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கட்டுரை சொன்ன இரண்டு யோசனைகள் ஆபத்தானவை: ஈரத்துணியால் துடைப்பது, லேமினேட் செய்வது. ஈரம் பட்டால் ஜெலட்டின் ஊதி இளகும், துணியின் நூல் தடம் பதிந்துவிடும். ஆல்புமென் என்றால் விரிசல் பெருகும். லேமினேஷன் சூட்டில் ஒட்டுவது, திரும்ப வராது. தூசிக்கு ரப்பர் பல்ப் ஊதுகுழலும் மென்மையான தூரிகையும் போதும். அட்டையிலிருந்து கார்டை உரிக்க முயல வேண்டாம். காந்த ஆல்பம் என்ற பசைப் பக்க ஆல்பமும், பி.வி.சி. உறையும், செல்லோடேப்பும் கூடாது. பாலியெஸ்டர் உறை நல்லது. அட்டை, காகிதம் வாங்கும்போது அவை படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் புகைப்படச் செயல்பாட்டுச் சோதனையான ஐ.எஸ்.ஓ. 18916இல் தேறியதா என்று கேளுங்கள். ‘அமிலமற்றது’ என்ற லேபிள் மட்டும் இருந்தால் நம்ப முடியாது. ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் நிலையாக இருக்க வேண்டும். ஏறி இறங்குவதுதான் தாளைச் சுருட்டும், பூச்சை வெடிக்க வைக்கும். கலர் அச்சுக்குக் குளிர்ச்சி எவ்வளவு கூடுதலோ அவ்வளவு ஆயுள்.

ஃபிரேம் போடுவதென்றால் அச்சு கண்ணாடியைத் தொடவே கூடாது. ஈரக்காற்றில் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகமே பெயர்ந்து வரும். பருத்தி அட்டையில் ஜன்னல் மவுண்ட் வெட்டி, நான்கு மூலையிலும் பாலியெஸ்டர் மூலைப்பிடி போட்டு, பசையில்லாமல் உட்கார வையுங்கள். புற ஊதா வடிகட்டும் கண்ணாடி போடுங்கள். ஆனால் அது வெளிச்சத்தின் சேதத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. ஆல்புமென், கலர் இரண்டுக்கும் 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சம் போதும், அதுவும் ஆண்டில் சில மாதம் மட்டும். மற்ற நாளில் நகலைத் தொங்கவிட்டு அசலைப் பெட்டியில் வைப்பவர்களே புத்திசாலிகள். பின்பக்கம் குறிப்பெழுத 2பி பென்சில், அதுவும் விளிம்பில், அழுத்தாமல். பால்பாயின்ட் எழுத்து முன்பக்கத்தில் மேடாகத் தெரியும். சீட்டு உதிர்ந்தால் மறுபடி ஒட்டாமல், தனி உறையில் அதே அச்சோடு வையுங்கள்.

கடைசியாகப் பதிப்புரிமை. அச்சை வாங்கியவர் தாளைத்தான் வாங்குகிறார். படத்தை மறுபடி வெளியிடும் உரிமை அதோடு வராது. பிரிட்டனில் பொதுவான காலம், எடுத்தவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டு. பீட்டன் 1980இல் காலமானார்; கணக்கு 2050 முடிவு வரை போகிறது. பழைய சட்டங்களில் ஆர்டர் கொடுத்து எடுத்த படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவரிடம் போனதும் உண்டு. எனவே உரிமை புகைப்படக்காரரின் வாரிசிடம்தான் என்றும் நினைத்துவிட முடியாது. தன்னிடமுள்ள அச்சை ஸ்கேன் செய்து போஸ்டராக விற்கலாம் என்று கட்டுரையின் கடைசிப் பத்தி கொடுத்த யோசனையைப் பின்பற்றுகிறவர், முதலில் உரிமையாளர் யாரென்று கண்டுபிடித்து எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
பழைய புகைப்பட அச்சுகளை மதிப்பிடும் வாசகர் ஒருவர்